காட்டு நெல்லில் இருந்து வந்த வைரஸ் எதிர்ப்பு: ஐ.ஆர்.36 கதையில் பாடப்புத்தகம் விட்டுவிட்டது என்ன?

மூன்றாமாண்டு_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் இளநிலை வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஐ.ஆர்.36 நெல் ரகத்தைப் பற்றி ஒரே வரிதான் வந்தது: "ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லில் இருந்து கிராஸி ஸ்டன்ட் வைரஸுக்கு எதிர்ப்புத் திறன் பெறப்பட்டது." அடுத்த பக்கம் போய்விட்டோம். எனக்கு அந்த இடத்திலேயே மனது நின்றுவிட்டது. நம்மிடம் ஆயிரக்கணக்கில் நாட்டு ரகங்கள் இருக்கும்போது ஏன் காட்டு நெல்லுக்குப் போனார்கள்? யாருக்குத் தோன்றியது அதைத் தேட? உதிர்ந்து போகிற, மீசை முளைத்த அந்த நெல்லில் இருந்து நோய் எதிர்ப்பை மட்டும் எப்படிப் பிரித்து எடுத்தார்கள்? அந்த எதிர்ப்பு இன்றைக்கும் வேலை செய்கிறதா?

இன்னொன்று. விடுதியில் என் தோழி இதுவும் மரபணு மாற்றப் பயிர்தான் என்கிறாள். நான் இல்லை என்கிறேன், ஆனால் ஒழுங்காக விளக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கலப்பாளர்

வாம்மா. முப்பது வருடம் நெல் கலப்பினக் கூடத்தில் இடுக்கியும் கையுமாக இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்.

முதலில் நோயைப் பார். கிராஸி ஸ்டன்ட் வந்த பயிர் குட்டையாக நின்றுவிடும், ஆனால் தூர் மட்டும் கணக்கில்லாமல் கட்டும். இலை குறுகி, விறைத்து, வெளிர் மஞ்சளாகி, துருப்பிடித்த மாதிரி சின்னப் புள்ளிகள் விழும். தூரத்தில் இருந்து பார்த்தால் வயலில் நெல் இல்லை, குத்துக்குத்தாகப் புல் நிற்கிறது என்றுதான் தோன்றும், பெயரே அதனால்தான் வந்தது. கதிர் வராது, வந்தாலும் பதர். அந்த வைரஸைச் சுமந்து வருவது, அடித்தண்டில் சாறு உறிஞ்சும், நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த புகையான் பூச்சி. ஒருமுறை வைரஸை வாங்கிக்கொண்ட புகையான் சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும்.

1966ல் ஐ.ஆர்.8 வந்தது. குட்டை ரகம், நெருக்கமான தூர், நிறைய தழைச்சத்து, தண்ணீர் இருந்தால் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம். விளைச்சல் ஏறியது, உண்மை. புகையானுக்கும் அது சொர்க்கமாகிவிட்டது. எழுபதுகளில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் பக்கத்துக் கேரளா என்று புகையான் பொங்கியது, பல இடங்களில் கூடவே இந்த வைரஸும்.

பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எதிர்ப்புள்ள ரகத்தைத் தேடினார்கள். மரபணு வங்கியில் இருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள். சோதனை எப்படி என்று கேள். நோய் வந்த செடியில் புகையானை வளர்ப்பார்கள். வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகிப் பரப்பத் தயாராகச் சில நாட்கள் பிடிக்கும். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் ஒரு நாற்று, அதோடு ஓரிரண்டு பூச்சிகள், வாயில் மூடி. ஒரு நாள் உறிஞ்சவிட்டு நாற்றை எடுத்துத் தொட்டியில் நட்டு, நோய் வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதை ஆறாயிரம் மாதிரிகளுக்கு, ஒவ்வொன்றிலும் பல நாற்றுகளுக்குச் செய்வதை யோசித்துப் பார். பயிர் நெல்லில் நம்பிச் சேர்க்கிற அளவுக்கு எதிர்ப்புள்ளதாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. காட்டு இனங்களையும் வைத்துப் பார்த்தபோது ஒரே ஒரு மாதிரி தாக்குப்பிடித்தது. உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா. வங்கியில் அதன் எண் 101508.

ஆக "ஏன் காட்டு நெல்" என்ற கேள்விக்கு விடை, வேறு எங்கும் கிடைக்கவில்லை என்பதுதான். நிவாரா என்ற பெயரும் நமக்கு அந்நியம் இல்லை. வடமொழியில் நீவாரம் என்றால் விதைக்காமல் தானே விளையும் நெல். தமிழில் குளநெல் என்று சொல்வார்கள்.

மீதியை இரவு எழுதுகிறேன்.

களத்துமேடு

மன்னார்குடிப் பக்கம், ஐந்து ஏக்கர். ஐயா எழுதியதைப் படித்ததும் என் பழைய வயிற்றெரிச்சல் ஞாபகம் வந்துவிட்டது. சில வருடம் முன்பு தாளடியில் பால் பிடிக்கும் நேரம், வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் இருந்தது. நடுவில் இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்தபோது தண்ணீர் மட்டத்துக்கு மேல் அடித்தண்டு பூராவும் பழுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது. நான்கே நாளில் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோனது. மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தேன், அடித்தபிறகு இன்னும் அதிகமானது.

எனக்கு ஒரு சந்தேகம். புகையானே வராத ரகம் போட்டால் வைரஸும் வராதுதானே? வைரஸுக்கு என்று தனியாக ஏன் கஷ்டப்பட வேண்டும்?

அப்புறம் இந்தக் காட்டு நெல்லை நாங்கள் களை நெல் என்று பிடுங்கி எறிகிறோம். அறுவடையில் கலந்துவிட்டால் அரிசி சிவப்பாக வரும், வியாபாரி விலையைக் குறைப்பான்.

பழைய_கலப்பாளர்

களத்துமேடு, உங்கள் சந்தேகம் அன்றைக்கு லாஸ் பான்யோஸில் இருந்தவர்களுக்கும் வந்ததுதான். 1973ல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.26 வந்தது. இரண்டு மூன்று வருடத்துக்குள் அந்த ரகத்தையே தின்று வளரும் புகையான் கூட்டம் உருவாகிவிட்டது. பூச்சி எதிர்ப்பு மட்டும் இருந்தால், அது உடைந்த அன்றே வைரஸுக்கும் கதவு திறந்துவிடும். அதனால்தான் இரண்டு பூட்டு. ஒன்று பூச்சிக்கு, ஒன்று வைரஸுக்கு.

வயலோரத்துக் களை நெல் பெரும்பாலும் பயிர் நெல்லும் காட்டு நெல்லும் கலந்து பிறந்த பிள்ளை. குளத்தில் நிற்கும் அசல் நிவாரா வேறு. அதைப் பற்றி அப்புறம்.

இப்போது கலப்புக்கு வருவோம். நிவாராவுக்கும் நம் நெல்லுக்கும் ஒரே வகை 24 குரோமோசோம்கள், எனவே மகரந்தம் தூவினால் விதை பிடிக்கும். அது பெரிய அதிர்ஷ்டம். இதற்குத் தலைமை ஏற்றவர் குர்தேவ் குஷ். ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், 1967ல் அந்த நிலையத்தில் சேர்ந்தார், 1996ல் உலக உணவுப் பரிசை இன்னொரு நெல் கலப்பாளரான ஹென்றி பீச்செலோடு பகிர்ந்துகொண்டார். நெல்லுக்கு வருமுன் கலிஃபோர்னியாவில் தக்காளியின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். கூட வேலை பார்த்தது காட்டுத் தக்காளிகளைத் தேடித்தேடிச் சேகரித்த சார்லஸ் ரிக். காட்டுச் செடியைக் கண்டு பயப்படாத கை அங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கையால் செய்கிற வேலை என்னவென்று சொல்கிறேன். மாலையில், மறுநாள் பூக்கப்போகிற கதிரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் அந்தப் பூ தன் மகரந்தத்திலேயே விதை பிடித்துவிடும். காகித உறை மாட்டிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் எதிர்ச்செடியின் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் தட்டினால் மஞ்சள் தூள் விழும். நுனி வெட்டிய பூவில் பிடிக்கிற விதைக்கு மூடி இருக்காது. கால்வாசி அரிசி வெளியே தெரிய, அரைகுறை உடுப்பு போட்ட குழந்தை மாதிரி இருக்கும். அந்த ஒரு மணியைக் கையில் வைத்துப் பார்க்கிற சந்தோஷம் இப்போதும் எனக்குக் குறையவில்லை.

முதல் தலைமுறைச் செடியில் பாதி காடு. மணி உதிரும், அரிசி சிவப்பு, மீசை நீளம், தண்டு படுத்துவிடும். அதைத் திரும்பவும் பயிர் நெல்லோடு சேர்த்தால் காடு கால் பங்காகும், அடுத்ததில் அரைக்கால், அதற்கடுத்ததில் மாகாணி. இதற்குப் பெயர் பிற்கலப்பு. ஒவ்வொரு சுற்றிலும் நாற்றுகளைப் புகையானோடு குழாயில் அடைத்து, நோய் வந்ததைத் தூக்கி எறிந்து, தப்பியதை மட்டும் அடுத்த கலப்புக்கு எடுக்க வேண்டும். இந்த எதிர்ப்பு ஒரே ஒரு மரபணுவில், அதுவும் ஒரு பெற்றோரிடம் இருந்து வந்தாலே வேலை செய்யும் ஓங்கு மரபணுவாக இருந்ததால் ஒவ்வொரு பிற்கலப்பிலும் பாதிச் செடிகள் தாங்கின. ஒடுங்கு மரபணுவாக இருந்திருந்தால் நடுநடுவே தன்மகரந்தச் சேர்க்கை செய்துதான் கண்டுபிடிக்க முடியும், காலம் இரட்டிப்பாகும். அன்றைக்கு டி.என்.ஏ. குறியீடு எதுவும் கிடையாது, பூச்சிதான் சோதனைக் கருவி.

1974ல் ஐ.ஆர்.28, 29, 30 வெளிவந்தன. 1976ல் ஐ.ஆர்.36. சுமார் 110 நாள் வயது, வைரஸ் எதிர்ப்பு, புகையானுக்கும் எதிர்ப்பு. எண்பதுகளில் உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேர் வரை அந்த ஒரே ரகம் நின்றது. 1985ல் வந்த ஐ.ஆர்.64ன் வம்சாவளியிலும் அந்த நிவாரா உண்டு.

கேன்சஸ்_தமிழன்

ஐயா எழுதியதை அலுவலகத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நான் இங்கே அமெரிக்காவில் கோதுமைக் கலப்பினப் பிரிவில் வயல் வேலை பார்க்கிறேன். நெல் கொடுத்து வைத்தது, கோதுமைக்கு இவ்வளவு சுலபமாக வாய்க்கவில்லை.

மேற்குக் கேன்சஸில் பெரிய தொல்லை கோதுமைக் கீற்றுத் தேமல் வைரஸ். பரப்புவது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன், நீளம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை, காற்றில் மிதந்து போகும். இலையின் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, புது இலையின் நுனி பழைய இலையின் சுருளுக்குள் மாட்டி வில் மாதிரி வளைந்து நிற்கும். அதைப் பார்த்ததுமே வயிற்றில் கல் விழும். அறுவடைக்குச் சற்று முன் ஆலங்கட்டி மழை பெய்தால் மணிகள் உதிர்ந்து தானாக முளைக்கும், பேன் அதில் கோடையைக் கழித்துவிட்டு இலையுதிர் காலத்தில் விதைக்கும் புதுப் பயிருக்குத் தாவிவிடும். 2017ல் இங்கே நல்ல அடி. ஏழரைக் கோடி டாலருக்கும் மேல் இழப்பு என்று கணக்கிட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பு தினோபைரம் இன்டர்மீடியம் என்ற பல்லாண்டுப் புல்லில் இருந்து வந்தது. டபிள்யூ.எஸ்.எம்.1 என்று அந்த மரபணுவுக்குப் பெயர். ஆனால் அந்தப் புல்லின் குரோமோசோம் கோதுமை குரோமோசோமோடு கைகோத்துத் துண்டு மாற்றிக்கொள்ளாது. கோதுமையில் பி.எச்.1 என்று ஒரு காவலாளி மரபணு உண்டு, சொந்த ஜோடியைத் தவிர வேறு எதோடும் சேரவிடாது. அதனால் புல்லின் குரோமோசோமில் ஒரு முழுக் கையையே, அதாவது ஒரு பக்கத்தை அப்படியே, கோதுமையில் ஒட்டித்தான் எடுக்க முடிந்தது. எதிர்ப்பு வந்தது, கூடவே அந்தக் கையில் இருந்த மற்ற நூற்றுக்கணக்கான மரபணுக்களும் வந்தன. விளைச்சல் இறங்கியது. மிசௌரியில் எர்னி சியர்ஸ் என்ற கோதுமை மரபியலாளர் 1977ல் அந்தக் காவலாளியை இழந்த கோதுமைச் செடியை அறிவித்தார். அதைக் கலந்துதான் பிற்பாடு புல்லின் துண்டைச் செதுக்கிச் சின்னதாக்கினார்கள். நெப்ராஸ்காவில் இருந்து மேஸ் என்ற ரகம் இந்த மரபணுவோடு வந்தபோது 2007 ஆகிவிட்டது. எழுபதுகளில் தொடங்கிய வேலை!

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அந்த எதிர்ப்பு 18-20 டிகிரி வரை நன்றாக நிற்கும், 25ஐ நெருங்கினால் கைவிட்டுவிடும். மாடு மேய்ச்சலுக்காகச் சீக்கிரம் விதைப்பவர்களின் வயலில் செப்டம்பர் வெயில் இன்னும் இறங்கியிருக்காது. நோய்க்கும் அதுதான் பிடித்த நேரம்.

மூன்றாமாண்டு_மாணவி

> 25ஐ நெருங்கினால் கைவிட்டுவிடும்

அண்ணா, அப்படியென்றால் வெயில் கூடிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில் அந்த முப்பது வருட வேலை என்னாவது? படித்ததும் கஷ்டமாக இருந்தது.

கேன்சஸ்_தமிழன்

வீணாகாதும்மா. அதனால்தான் ஒரே மரபணுவை நம்பாமல், கோதுமையிலேயே கிடைத்த டபிள்யூ.எஸ்.எம்.2வையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், பேனைத் தாங்கும் மரபணுவையும் கூடவே. தானாக முளைத்ததை விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே அழித்துவிடச் சொல்லி விவசாயிகளைக் கெஞ்சாத குறைதான். ஒருவர் அழித்துப் பக்கத்து நிலத்துக்காரர் விட்டுவிட்டால் பயனில்லை. ஒரு சின்ன சந்தோஷம், இதே புல்லைத் தானியமாகவே வளர்க்கும் முயற்சியும் எங்கள் மாநிலத்தின் சலைனா ஊரில்தான் நடக்கிறது, கெர்ன்ஸா என்று பெயர்.

துளசி_ஜெர்மனி

மாணவித் தங்கைக்கு, உன் தோழியின் வாதத்துக்கு நான் பதில் சொல்கிறேன். ஐ.ஆர்.36ல் நடந்தது பூவில் மகரந்தம் போட்டது, அவ்வளவுதான். அதை மரபணு மாற்றப் பயிர் என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் "இயற்கையாகவே நடந்திருக்கும்" என்றும் சொல்லிவிடாதே, மாட்டிக்கொள்வாய். சியர்ஸ் 1956ல் காட்டுப் புல்லில் இருந்து துருநோய் எதிர்ப்பைக் கோதுமைக்குக் கொண்டுவர எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் குரோமோசோமை உடைத்தார். நாங்கள் இங்கே பார்லியில் செய்வதும் தானாக நடக்காது.

பார்லிக்கு மஞ்சள் குட்டை வைரஸ் பெரிய எதிரி, அசுவினிப் பூச்சி பரப்பும். விதை நேர்த்திக்குப் பயன்பட்ட நியோனிக்கோட்டினாய்டு பூச்சிமருந்துகளை 2018ல் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் தடைசெய்த பிறகு, எதிர்ப்பு ரகம் இல்லாமல் வழியில்லை என்று ஆகிவிட்டது. ஹோர்டியம் பல்போசம் என்று ஒரு காட்டுப் பார்லி, அடியில் வெங்காயம் மாதிரிக் கிழங்கு கட்டும். அதில் ரிட்4 என்ற மரபணு கிடைத்தது. பார்லியோடு கலந்தால் கரு உருவாகும், ஆனால் அதற்குச் சோறு போடும் முளைசூழ்தசை செத்துவிடும். இரண்டு வாரக் கருவை நுண்ணோக்கியின் கீழ் விதைக்குள் இருந்து ஊசியால் தோண்டி எடுத்துச் சத்துக்கூழில் வளர்க்க வேண்டும். கடுகைவிடச் சின்னது. கை நடுங்கினால் போச்சு. நான் எத்தனை கருவை ஊசி நுனியில் நசுக்கியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே மனம் வராது.

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தால், ரிட்4ஐ ஒட்டியே இன்னொரு காட்டு மரபணு உட்கார்ந்திருந்தது. இரண்டு பெற்றோரிடம் இருந்தும் அது வந்த செடிகள் சவலையாகிச் செத்துப்போயின. எதிர்ப்பு நிலைத்த தூய வரிசையே கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான நாற்றுகளின் டி.என்.ஏ.வைப் பார்த்து, அந்த இரண்டுக்கும் நடுவில் குரோமோசோம் உடைந்து சேர்ந்த அரிய செடிகளைப் பிடித்துத்தான் விடுவித்தார்கள். என் கருத்தைக் கேட்டால், காட்டில் இருந்து மரபணுவைக் கொண்டுவருவது வேலையில் கால்வாசி, அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததைக் கழிப்பதுதான் முக்கால்வாசி.

நேர்_கேள்வி

எல்லாம் சரி. ஆனால் மாணவி கேட்ட கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. இன்றைக்கும் வேலை செய்கிறதா? 1980களின் தொடக்கத்திலேயே பிலிப்பைன்ஸில் கிராஸி ஸ்டன்டின் இரண்டாவது வகை வந்து, நிவாரா மரபணு இருந்த ரகங்களையும் தாக்கியது என்று படித்திருக்கிறேன். ஆறாயிரம் மாதிரி தேடி, இத்தனை சுற்றுக் கலந்து, பத்து வருடம்கூடத் தாங்கவில்லை என்றால் மரபணுத் திருத்தத்துக்குப் போய்விட வேண்டியதுதானே?

பழைய_கலப்பாளர்

நீங்கள் படித்தது சரி. நான் மறைக்க நினைக்கவில்லை, அதை எழுத மனதைத் தயார் செய்துகொண்டிருந்தேன். 1982-83 வாக்கில் அந்த இரண்டாவது வகை பிலிப்பைன்ஸில் தெரிந்தது. ஒரே மரபணு, கோடி ஹெக்டேரில். வைரஸுக்கு அது ஒரே ஒரு பூட்டு, திறக்கும் சாவி ஒன்று எங்காவது உருவானால் போதும். இதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று என் தலைமுறைக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு.

ஆனால் அந்தப் பத்து வருடம் சின்ன விஷயம் இல்லை. அந்த எதிர்ப்பு நின்ற வருடங்களில் அறுத்த நெல்லை எத்தனை வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள்! அந்த அவகாசத்தில் புகையானைப் பற்றித் தெரிந்துகொண்டதும் நிறைய. களத்துமேடு எழுதினாரே, மருந்து அடித்த பிறகு அதிகமானது என்று, அது தற்செயல் இல்லை. மருந்து முதலில் கொல்வது புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப் பூச்சிகளையும். புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருந்து, எதிரி இல்லாத வயலில் பொரிக்கும். இந்தோனேசியா 1986ல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது இதைப் புரிந்துகொண்டதால்தான். மரபணு ஒரு பக்கம், வயலில் சிலந்தி இன்னொரு பக்கம், இரண்டும் வேண்டும். 2006ல் வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் புகையானோடு இந்த வைரஸ் திரும்பப் பொங்கியபோது விவசாயிகள் ஊரே கூடி ஒரே சமயத்தில் விதைத்து, பூச்சிக்கு இடைவிடாத உணவு கிடைக்காமல் செய்தார்கள்.

மரபணுத் திருத்தத்துக்கு நான் எதிரி இல்லை, நல்ல கருவி. ஆனால் எதைத் திருத்துவது என்று யார் சொல்வது? தாங்கும் செடி ஒன்று கண்முன் இருந்தால்தான் அது எப்படித் தாங்குகிறது என்றே படிக்க முடியும். அந்தச் செடி குளத்தில் நிற்கிறது.

களத்துமேடு

ஐயா, சிலந்தி விஷயத்தை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் கைக்காசு மிஞ்சியிருக்கும்.

நேற்று இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பெரிய குளத்துப் பக்கம் போனேன். தெற்குக் கரையில், தண்ணீர் வற்றி முழங்கால் அளவு இருக்கிற இடத்தில், ஒரு பத்துப் பதினைந்து குத்து நிற்கிறது. மீசை விரல் நீளம் இருக்கிறது, சிவந்த நிறம். கதிரைத் தொட்டதும் நாலு மணி தண்ணீரில் விழுந்துவிட்டது, கறுத்த உமி. சின்ன வயதில் இதன் நடுவில்தான் குளித்திருக்கிறோம், பெயர்கூடக் கேட்டதில்லை. ஐயா சொல்லும் குளநெல் இதுதானா? அந்தக் கரையில் சுவர் எழுப்பி மண் அடிக்கப்போவதாகப் பேச்சு. இந்த விதையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?

பழைய_கலப்பாளர்

நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் பொருந்துகிறது. வருடாவருடம் வற்றும் இடத்தில் இருந்தால் நிவாராவாக இருக்கலாம், வற்றாத ஆழத்தில் பல வருடம் நிற்பது அதன் அண்ணன் ரூஃபிபோகன். நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது மணி முற்றும் நேரம், உதிர்ந்துவிடும். கொசுவலைத் துணியில் சின்னப் பைகள் தைத்து, கதிர்மேல் மாட்டி அடியில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பத்து நாளில் மணி பைக்குள் விழுந்திருக்கும். ஒரே குத்தில் எடுக்காதீர்கள், பதினைந்து குத்து இருந்தால் பதினைந்திலும் எடுத்துத் தனித்தனி உறையில் போடுங்கள், காட்டு நெல்லில் ஒரு செடியில் இருப்பது பக்கத்துச் செடியில் இருக்க வேண்டும் என்பதில்லை. நிழலில் காயட்டும். உறைமேல் ஊர், குளத்தின் பெயர், தேதி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் அழியும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ராமையா மரபணு வங்கி இருக்கிறது, அங்கே எப்படிச் சேர்ப்பது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.

மூன்றாமாண்டு_மாணவி

களத்துமேடு மாமா, எனக்கு வெள்ளிக்கிழமை முதல் நான்கு நாள் விடுமுறை, எங்கள் ஊர் நீடாமங்கலம்தான். துணிப்பை நானே தைத்துக் கொண்டுவருகிறேன். ஐம்பது போதுமா?

களத்துமேடு

வாம்மா. நூறாகவே தைத்துக்கொண்டு வா, வடக்குக் கரையிலும் கொஞ்சம் இருக்கிறது என்று இன்று காலை மாடு மேய்க்கிறவர் சொன்னார்.